வேலை செய்யாத வரி

"கதை எழுதினதுக்கே உள்ளே தள்ளலாம்னா, பள்ளிக்கூடத்துல வயித்துவலின்னு லீவு கேட்ட அத்தனை பேரையும் தள்ளணும்" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. அண்ணி கையிலிருந்த தாள்களை விட்டுத் தலையைத் தூக்கவே இல்லை. எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த பெண்மணி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். கூடப் பிறந்த தம்பியைப் போலீஸ் அள்ளிக்கொண்டு போயிருக்கும்போது எந்த அக்காவுக்குச் சிரிப்பு வரும்? என் வாய் அப்படி. சில நாள் எனக்கே அதை ஒரு அறை விடலாம் போலிருக்கும்.

அண்ணி என்றால் என் சொந்த அண்ணனின் மனைவி. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் நஷ்டஈடு கேட்டு வருகிறவர்களின் கதைகளைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போய், வேலையை உதறிவிட்டுத் துப்பறிய வந்தவள். நான் மருந்து கம்பெனிப் பையைத் தூக்கிக்கொண்டு டாக்டர் டாக்டராக அலைந்தவன். கம்பெனி இழுத்து மூடியதும், "வீட்ல சும்மா உக்காந்து உங்க அண்ணன் உயிரை வாங்காதே, என்கூட வா" என்று அண்ணி கூப்பிட்டுக்கொண்டாள். எங்கள் அலுவலகம் முன்பு ஒரு போட்டோ ஸ்டூடியோ. பின்சுவரில் அருவி வரைந்த திரை இன்னும் தொங்குகிறது. வருகிறவர்கள் எல்லாம் அருவிக்கடியில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போவார்கள்.

அன்றைக்கு உட்கார்ந்திருந்தவர் கார்மெண்ட்ஸில் வேலை செய்கிறவர். தைத்து வருகிற சட்டைகளில் பிசிறு, தையல் விட்டது, பட்டன் மாறியது என்று குறை பார்க்கும் வேலை. அங்கே எல்லோருக்கும் அவர் செக்கிங் அக்கா. அந்தக் கட்டடத்து லிஃப்டைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக்தான் அவர் தம்பி. போன வருஷம் செக்கிங் அக்காவின் கணவர், அங்கேயே லோடு தூக்கிக்கொண்டிருந்தவர், அதே லிஃப்ட் குழியில் விழுந்து செத்துப்போனார். குடித்துவிட்டு விழுந்தான் என்று சொல்லி முதலாளி கையை விரித்துவிட்டார். அந்த மனுஷன் வாழ்க்கையில் டீயைத் தவிர எதையும் குடித்ததில்லையாம்.

போன வாரம் அந்த முதலாளியே அதே குழியில் கிடந்தார். சாப்பாட்டு நேரத்தில் காணாமல் போனவர். சாயங்காலம் மெஷின்கள் நின்ற பிறகு, குழிக்குள்ளிருந்து செல்போன் அடிக்கிற சத்தம் கேட்டுத்தான் எட்டிப் பார்த்திருக்கிறார்கள். அதற்குள் உயிர் போய்விட்டது.

தவறி விழுந்தார் என்று போலீஸும் விட்டிருக்கும். ஆனால் எந்த மாடியிலும் லிஃப்ட் கதவு திறந்திருக்கவில்லை. பழைய காலத்துக் கனமான இழுப்புக் கதவு அது. தானாக மூடாது, கையால் தள்ளித்தான் மூட வேண்டும். விழுகிறவன் கதவைச் சாத்திவிட்டு விழ முடியாது. ஆக, யாரோ மூடியிருக்கிறார்கள். போதாக்குறைக்கு, லிஃப்ட் வராதபோதும் கதவைத் திறக்க மெக்கானிக்குகள் வைத்திருக்கும் முக்கோணச் சாவி ஒன்று குழிக்குள் கிடந்தது. தம்பியைப் பிடித்தார்கள். பையைக் கொட்டினார்கள். அதில் இந்தக் கதை இருந்தது. அதன் நகலைத்தான் அண்ணி படித்துக்கொண்டிருந்தாள்.

கதையின் பெயர் 'ஐந்தாம் மாடியில் யார்?' ஒரு லாட்ஜ் முதலாளி. அவரால் நண்பனை இழந்த ஒரு லிஃப்ட் மெக்கானிக். ராத்திரி கரண்டை நிறுத்திவிட்டு முதலாளியைக் கூப்பிடுகிறான். அவர் லிஃப்ட் இருக்கிறது என்று நினைத்துக் குழிக்குள் காலை வைக்கிறார். மேலே தம்பியின் பெயர் தெளிவாக டைப் அடித்திருந்தது.

"சாயங்கால வகுப்புக்குப் போறான் மேடம். சைக்கிள் கடை மாடியில. கதை எழுதச் சொல்லித் தர்றாங்க" என்றார் செக்கிங் அக்கா. "கதை வேற, நிஜம் வேறன்னு நீங்க நிரூபிச்சாப் போதும். நாளைக்குக் கோர்ட்டுல நிறுத்துறாங்க. கொலைக் கேஸுன்னு எழுதிட்டா, அவன் திரும்பி வரும்போது கிழவனாயிருவான்."

"இது முழுக்க அவர் எழுதினதுதானா?" அண்ணி கேட்டாள்.

"எல்லாம் நான்தான் எழுதினேன், வேற யாருக்கும் சம்பந்தம் இல்லன்னு சொல்லிட்டானாம்."

"நீங்க படிச்சீங்களா?"

"எனக்கெதுக்கு மேடம் கதையெல்லாம்?" என்றவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "அவனுக்கு மாத்துச் சட்டை குடுக்கணும். போய்ட்டு இங்கயே வந்துடுறேன். வீட்டுல இருக்க முடியல."

செருப்புச் சத்தம் படியிறங்கும் வரை அண்ணி காத்திருந்தாள். பிறகு, "ஒண்ணு கவனிச்சியா? தம்பி பண்ணலைன்னு அந்த அம்மா ஒரு தடவைகூடச் சொல்லல" என்றாள்.

"துக்கத்துல மறந்திருப்பாங்க."

"திருடனோட அம்மாகூட மொதல்ல அதைத்தான் சொல்லுவா" என்றவள் மூன்றாவது தாளை என் பக்கம் தள்ளினாள். "இந்தப் பாராவைச் சத்தமாப் படி."

படித்தேன். "'குழியிலிருந்து கிரீஸ் வாடை எழுந்தது. எங்கும் கரண்ட் இல்லை. தன் கையே தனக்குத் தெரியாத இருட்டு. அடியில் எங்கோ தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எதிர்ச்சுவரின் இரும்புத் தண்டில், கைக்கு எட்டாத தூரத்தில், மஞ்சள் இன்ச் டேப் ஒன்று மாட்டிக்கொண்டு, முனை மட்டும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.' நல்லாத்தானே எழுதியிருக்கான்?"

"எதுக்குக் கிரீஸ் வாடை?"

"லிஃப்ட் குழின்னு தெரிய."

"இருட்டு?"

"முதலாளி ஏமாறணும்ல. இருட்டு இல்லன்னா கதையே இல்ல."

"தண்ணி சொட்டுறது?"

"நம்மளப் பயமுறுத்த."

"இன்ச் டேப்?"

தாளைப் புரட்டிப் பார்த்தேன். "துப்பா இருக்கும்" என்றேன் சும்மா.

"துப்புன்னா பின்னால யாராவது அதை எடுக்கணும், பாக்கணும், அதை வச்சு ஆளைப் பிடிக்கணும். கடைசி வரைக்கும் அந்த டேப் திரும்ப வரவேயில்ல. சரி, நம்மளைத் திசைதிருப்பப் போட்டதா? அப்படின்னா கதையில ஒரு டெய்லர் இருக்கணும், அவன்மேல நமக்குச் சந்தேகம் வரணும். இது லாட்ஜ். தையக்காரன் வாசனையே கிடையாது. செத்தவரோட குணத்தைக் காட்டவா? லாட்ஜ் முதலாளி கட்டிலை அளந்தா வாடகைக்கு விடுறாரு?"

"அண்ணி, அது என் மாதிரி ஜோக். நீங்க சொந்தமா யோசிங்க."

"இன்னொண்ணு. தன் கை தனக்குத் தெரியாத இருட்டுல, டேப் மஞ்சள்னு எப்படித் தெரிஞ்சுது?"

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

"இட்டுக்கட்டிச் சொல்றவன் தேவையில்லாம எதையும் சொல்லமாட்டான்" என்றாள் அண்ணி. "இன்ஷூரன்ஸ்ல நான் பாத்த பொய்யெல்லாம் கச்சிதமா இருக்கும். ஒவ்வொரு வார்த்தையும் பணத்துக்காக உழைக்கும். நடுவுல ஒரு உதவாத விஷயம் தலையை நீட்டுச்சுன்னா, அது மட்டும் நிஜம். கற்பனை பண்ணினதில்ல, கண்ணால பாத்தது. இந்தக் கதையில மத்த வரியெல்லாம் வேலை செய்யுது. இந்த ஒரு வரி மட்டும் சும்மா நிக்குது."

"அப்போ தம்பிதான் கொலைகாரன்னு ஆயிடுமே. நாம யாருக்கு வேலை பாக்குறோம்?"

"அதைத்தான் போய்ப் பாக்கப் போறோம். கிளம்பு."

கார்மெண்ட்ஸ் கட்டடத்தில் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. முதலாளி போனாலும் ஆர்டர் போகாது. ஒவ்வொரு மாடியிலும் தேனீக்கூட்டை உசுப்பிவிட்டது போல ஒரே இரைச்சல். பக்கத்தில் நிற்பவரோடு பேசவே தொண்டை கிழியக் கத்த வேண்டியிருந்தது. மேனேஜர் அண்ணிக்குப் பழைய இன்ஷூரன்ஸ் பழக்கம். லிஃப்டைத் திரும்ப ஓட்டலாமா என்று பார்க்கப் புது மெக்கானிக் ஒருவர் வந்திருந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

எங்களை மேலே கூட்டிப்போன வாட்ச்மேனுக்கு மூச்சு வாங்கியது. ஆனால் வாய் ஓயவில்லை. "லிஃப்ட் அடிக்கடி அஞ்சாம் மாடியில படுத்துக்கும் சார். அன்னைக்கும் அப்படித்தான். முதலாளிக்குப் பொறுமைங்கிறது கிடையாது. சாவி போட்டுக் கதவைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, மேலே பாத்து ஒரு கத்து கத்துவாரு. லிஃப்டுக்குக் காது கேக்குற மாதிரி."

"சாவியா? அது மெக்கானிக்கிட்டதானே இருக்கும்?" அண்ணி நின்றாள்.

"இவரு ஒண்ணு அடிச்சு வச்சிருந்தாரும்மா. அந்தத் தம்பி எத்தனையோ வாட்டி சொல்லிப் பாத்துச்சு, அதைக் குடுத்துடுங்க சார், ஆபத்துன்னு. என் கட்டடம், என் கதவுன்னுட்டாரு."

"போலீஸ்கிட்ட இதைச் சொன்னீங்களா?"

"அவங்க என்னைக் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். வாசல்ல தூங்கினியான்னு."

முதலாளி அறை இருந்த மூன்றாம் மாடியில் புது மெக்கானிக் சாவியைப் போட்டுக் கதவை இழுத்தார். ஜன்னல் வெளிச்சம் குழிக்குள் விழுந்தது. அண்ணி விளிம்புக்குப் போய் எட்டிப் பார்த்தாள். நான் அவள் சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். இந்த வேலையில் சேரும்போது அண்ணன் என்னிடம் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டான்: அவளை முழுசாக வீட்டுக்குக் கூட்டி வா என்று.

"கொழுந்தனாரே, தலைப்பை விட்டுட்டுக் கண்ணைத் திற" என்றாள் அண்ணி. கண்ணை மூடியிருந்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

எதிர்ச்சுவரில் லிஃப்ட் ஓடுவதற்கான இரும்புத் தண்டு. அதைச் சுவரோடு பிடித்திருக்கும் கொக்கியில், எங்கள் காலுக்குக் கொஞ்சம் கீழே, மஞ்சள் இன்ச் டேப் ஒன்று மாட்டிக்கொண்டிருந்தது. முனை ஆடிக்கொண்டிருந்தது.

"அது முதலாளியோடதுதான்" என்றார் வாட்ச்மேன். இரைச்சலிலும் அவர் குரல் தாழ்ந்தது புரிந்தது. "எப்பவும் கழுத்துல போட்டிருப்பாரு. பொணத்து மேல இல்லையேன்னு நினைச்சேன். குழிக்குள்ள எங்கயாவது கிடக்கும்னு விட்டுட்டேன்."

அவர் விழும்போது டேப் பறந்து போய் மாட்டியிருக்கிறது. போலீஸ் கீழ்த்தளத்து வழியாகக் குழிக்குள் இறங்கி, பிணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டது. மேலே யாரும் பார்க்கவில்லை. பார்த்தவர் ஒருவர்தான். முதலாளி விழுந்த பிறகு, திறந்த கதவுக்கு முன்னால், இதே இடத்தில், இதே வெளிச்சத்தில் நின்றவர். கதை எழுதியவர்.

செக்கிங் அக்காவின் முகம் நினைவுக்கு வந்தது. தம்பியைக் காப்பாற்றுங்கள் என்று வந்தவரிடம், உங்கள் தம்பிதான் செய்தான் என்று எப்படிப் போய்ச் சொல்வது?

டேப்பை யாரும் தொடக் கூடாது என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தோம். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அண்ணி இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டாள். அவள் பேச்சில் பாதி எனக்குப் புரியவில்லை. கடைசியில், "அவர் சாவிக்கொத்தை ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க சார்" என்றது மட்டும் காதில் விழுந்தது. பதில் வர நேரமாயிற்று. வந்ததும் போனை வைத்துவிட்டு ஆறிப்போன டீயைக் குடித்தாள்.

"மெக்கானிக்கோட முக்கோணச் சாவி அவர் கொத்துலயேதான் இருக்கு" என்றாள். "குழியில கிடந்தது வேற."

"ரெண்டு சாவி வச்சிருந்தா?"

"ரெண்டாவது யாருதுன்னு வாட்ச்மேன் சொன்னாரே. இன்னொரு விஷயம். டாக்டர் ரிப்போர்ட் வந்துடுச்சாம். விழுந்ததும் சாகல. இடுப்பு ஒடிஞ்சு, போன் கைக்கு எட்டாம, சாயங்காலம் வரைக்கும் உயிரோட கிடந்திருக்கார். சீக்கிரம் தூக்கியிருந்தா பிழைச்சிருப்பாராம். கத்தியும் இருப்பார். கதவெல்லாம் மூடி, மெஷின் ஓடிட்டிருந்தா யாருக்குக் கேக்கும்?"

டீ கிளாஸைக் கீழே வைத்தேன். கெட்ட மனுஷன்தான். ஆனாலும் அப்படிக் கிடந்து சாக யாருக்கும் விதிக்கக் கூடாது.

சைக்கிள் கடை மாடியில் கதை மாஸ்டர் டைப் அடித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் புது மாணவர்கள் என்று நினைத்து முகம் மலர்ந்தது. விஷயம் தெரிந்ததும் அதே வேகத்தில் வாடியது.

"போலீஸ் வந்து என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். ஒருத்தரும் வரலயே" என்றார். "கதைன்னா என்னன்னு அவங்களுக்குத் தெரியுமா? கரு வேற, பாத்திரம் வேற, இடம் வேற, துப்பு வேற."

"நீங்க எப்படிச் சொல்லித் தர்றீங்க?" என்றாள் அண்ணி.

மாஸ்டருக்கு அது போதும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "ஒரே ஆளை முழுக் கதை எழுதச் சொன்னா பயந்து ஓடிடுவாங்கம்மா. அதனால பங்கு பிரிச்சுக் குடுத்துடுவேன். ஒருத்தர் கரு சொல்லுவார். இன்னொருத்தர் ஆட்களோட குணம் எழுதுவார். ஒருத்தர் இடம், ஒருத்தர் துப்பு. எல்லாத்தையும் நான் கோத்து, டைப் அடிச்சு, ஆளுக்கொரு காப்பி குடுப்பேன். கரு யாரோடதோ அவங்க பேரு மேல வரும். கரு குடுத்தவர்தானே பெத்தவர்?"

நான் எழுந்து நின்றுவிட்டேன். "அப்போ முழுக் கதையும் மெக்கானிக் எழுதலையா?"

"அவர் கரு சொன்னதோட சரி. அதுவும் முதலாளி சாகறதுக்கு முந்தியே. வகுப்புல எல்லார் முன்னாடியும் சொன்னார். அந்தக் கருவே அரைவேக்காடுன்னுகூடச் சொல்லலாம். கரண்டை நிறுத்தினா லிஃப்டு கதவு எப்படித் திறக்கும்னு துப்பு எழுதினவர் கேட்டார். 'கதைக்குத் திறக்கட்டும் சார்'னு மெக்கானிக் சிரிச்சார். நிஜமா செய்யப் போறவன் அப்படிச் சொல்லுவானா?"

"இடம் எழுதினது யார்?" என்றாள் அண்ணி. குரலில் ஒரு அவசரமும் இல்லை. ஆனால் அவள் பேனா மூடியைத் திருகித் திருகித் திறந்துகொண்டிருந்தாள். அது கெட்ட அறிகுறி.

"இடம்தான் இந்தக் கதைக்கே உயிர்" என்றார் மாஸ்டர் பெருமையோடு. "போன வாரம்தான் கைக்கு வந்துச்சு. மறக்க முடியாத ஒரு இடத்தை நினைச்சு எழுதுங்கன்னு சொல்லியிருந்தேன். அந்த டேப் ஆடுறதைப் பாத்தீங்களா? எனக்கே அப்படி ஒரு வரி வராது. தேவையில்லதான், எடுத்துடலாம்னு நினைச்சேன். மனசு வரல."

"யார் சார் எழுதினது?"

"அவரோட அக்காதான். புருஷன் போனதுல இருந்து சுவத்தையே பாத்துட்டு உக்காந்திருக்காங்கன்னு அந்தத் தம்பிதான் கையைப் பிடிச்சு இழுக்காத குறையாக் கூட்டிட்டு வந்தார்."

நாங்கள் திரும்பியபோது செக்கிங் அக்கா அருவித் திரைக்கடியில் உட்கார்ந்திருந்தார். ஸ்டேஷனில் கொடுத்தனுப்பிய தம்பியின் அழுக்குச் சட்டை மடியில் இருந்தது. விரல்கள் அதன் காலர் தையலைத் தடவிக்கொண்டே போயின. குறை பார்த்துப் பழகிய கை.

உள்ளே வந்ததும் அண்ணி தன் நாற்காலிக்குப் போகாமல், ஸ்டூலை இழுத்துப்போட்டு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்த டேப் இன்னும் அங்கதான் தொங்குதும்மா" என்றாள்.

விரல்கள் நின்றன.

"எங்க வீட்டுச் சமையலறையைத்தான் எழுதணும்னு உக்காந்தேன் மேடம்" என்றார் செக்கிங் அக்கா. "வரல. கண்ணை மூடினாலும் அதுதான், திறந்தாலும் அதுதான். எழுதிட்டா போயிடும்னு நினைச்சேன். கதையோட கதையா யாருக்குத் தெரியப்போகுதுன்னு."

"அன்னைக்கு என்ன நடந்துச்சு?"

"எல்லாரும் சாப்பிடக் கீழே போயிட்டாங்க. நான் மூக்குக் கண்ணாடியை மறந்துட்டேன்னு எடுக்கத் திரும்ப மேலே வந்தேன். லிஃப்ட் கதவு திறந்து கிடந்துச்சு. எட்டிப் பாத்தேன். மொதல்ல டேப்தான் கண்ணுல பட்டுது. அப்புறம் கீழே அவர். காலை அசைக்க முடியாம, மேலே பாத்து, 'யாரு அது? யாரு மேல?'ன்னு கேட்டார்."

"நீங்க பதில் சொல்லல."

"கதவைத் தள்ளி மூடினேன். கண்ணாடியை எடுத்தேன். கீழே போய்ச் சாப்பிட உக்காந்தேன். சாப்பிடவும் செஞ்சேன் மேடம்."

மெஷின் இரைச்சலுக்கு நடுவே அந்த மனுஷன் கத்திக்கொண்டு கிடந்ததை நினைத்தேன். இந்த அம்மாவின் மேல் கோபம் வர வேண்டும். வந்தது. கூடவே, குடிகாரன் என்ற பழியோடு அதே குழியில் கிடந்த அவர் கணவரும் நினைவுக்கு வந்தார். எந்தப் பக்கம் நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை.

"உங்க வீட்டுக்காரருக்காகவா அக்கா?" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "அப்படின்னா இப்போ நிம்மதியா இருந்திருப்பேனே தம்பி. என் தம்பிக்காக. அவன்தான் வகுப்புல கதை சொன்னான், முதலாளி குழியில விழுவார்னு. சொல்லி ரொம்ப நாள் ஆகல, அதே மாதிரி அந்த ஆள் விழுந்து கிடக்கிறார். அவன்தான் செஞ்சுட்டான்னு நினைச்சேன். எங்க வீட்டுக்காரர் சாவுக்குப் பழி வாங்கிட்டான்னு. இவர் பிழைச்சா மொதல்ல அவன் பேரைத்தானே சொல்லுவார்? நான் வாயைத் திறந்தா தம்பி போயிடுவான்னுதான் மூடினேன்."

அண்ணி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். துப்பறிய வந்து இத்தனை காலத்தில் அவள் யார் கையையும் பிடித்து நான் பார்த்ததில்லை.

"இன்ஸ்பெக்டர்கிட்ட நீங்க எல்லாத்தையும் சொல்லணும். கூட நான் வர்றேன்" என்றாள். "அதுக்கு முன்னால நீங்க ஒண்ணு தெரிஞ்சுக்கணும். உங்க தம்பி கருதான் சொன்னார். கரு சொல்றவன் எல்லாம் கொலை பண்றவன் இல்ல. அவர் சாவி அவர் கொத்துலதான் இருந்துச்சு. குழியில கிடந்தது முதலாளி தனக்கு அடிச்சு வச்சிருந்த சாவி. லிஃப்டு வரலன்னு அவரே கதவைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, மேலே பாத்துக் கத்தியிருக்கார். கால் தவறிடுச்சு. யாரும் தள்ளல. யாரும் கூப்பிடல."

செக்கிங் அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்புறம் ஏன் அவன் எல்லாத்தையும் தான் எழுதினேன்னு சொன்னான்?"

"டைப் அடிச்ச காப்பி அவர் கைக்கும் வந்துச்சே. முதலாளி கழுத்து டேப் உங்க வரியில வந்ததைப் படிச்சதும் நீங்க அங்க நின்னது அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. நீங்கதான் தள்ளிட்டீங்கன்னு நினைச்சிருக்கார். உங்களைக் காப்பாத்தத்தான் உங்க வரியையும் தன்னோடதுன்னு சொல்லிட்டார்."

அவர் அழுவார் என்று தண்ணீர் எடுக்கப் போனேன். அழவில்லை. மடியிலிருந்த சட்டையை நான்காக மடித்து, மேலே கையை வைத்து அழுத்தினார்.

"அவன் எதுவுமே பண்ணலையா?"

"இல்லம்மா."

"அவர் சாயங்காலம் வரைக்கும் உயிரோட இருந்தார்னு ஸ்டேஷன்ல பேசிக்கிட்டாங்க. நிஜமா?"

"நிஜம்தான்."

"அப்போ ஒண்ணுமே பண்ணாதவனைக் காப்பாத்துறேன்னு, பிழைக்க வேண்டிய ஒரு ஆளைச் சாக விட்டுட்டேனா மேடம்?"

ஏதாவது ஒரு ஆறுதல் சொல்லுங்கள் அண்ணி, பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை என்று நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் அந்த அம்மாவின் கையை விடவில்லை.

"ஆமாம்மா" என்றாள்.